ஆர்ச்சி ஃப்ளெட் கேட்ட கயிறு

எங்கள் மீன்பிடி ஊரான போர்ட்கார்வியில் பிறந்து பிரபு ஆனவன் ஒருவன்தான், ஆர்ச்சி ஃப்ளெட். லண்டன் பத்திரிகைகள் அவனைப் பற்றி எழுதும்போதெல்லாம் 'மீனவக் குடிசையிலிருந்து பிரபுக்கள் சபைக்கு' என்று ஆரம்பிப்பார்கள். குடிசையாவது மண்ணாங்கட்டியாவது! கல்லால் கட்டிய வீடு அது. இன்றைக்கும் ஒழுகாமல் நிற்கிறது. அதன் கதவும் ஜன்னலும் என் அப்பா இழைத்தவை. தெரியாததை எழுதுவதில் பத்திரிகைக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. அதனால் தெரிந்தவன் நான் சொல்கிறேன்.

என் பெயர் சாண்டி கெடஸ், தச்சன். எங்கள் கரையில் தச்சன் என்றால் சவப்பெட்டி செய்பவனும் அவனே, அடக்கத்தை முன்னின்று நடத்துபவனும் அவனே. ஆர்ச்சியின் தம்பி ஜீம்ஸும் நானும் ஒரே வகுப்பு. ஆர்ச்சி எங்களைவிடப் பெரியவன். அந்த வயதில் அண்ணன்கள் எல்லாம் தம்பிகளை அடிப்பார்கள். இவன் மட்டும் தம்பியை முதுகில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருவான். வீட்டில் இருந்தது ஒரு ஜோடி பூட்ஸ், அதை அவன் போட்டிருப்பான்.

அவர்களுடைய அப்பா போன படகு ஒரு நவம்பர் புயலில் திரும்பி வரவில்லை, உடலும் கரை சேரவில்லை. அம்மா ஜெஸ்ஸி விரல்களில் துணி சுற்றிக்கொண்டு ஹெர்ரிங் மீனைக் கீறிக் குடல் எடுக்கும் வேலைக்குப் போனாள். ஆர்ச்சி பள்ளி விட்டதும் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பண்ணைகளுக்குப் போய் விற்பான். அவன் வாய் இருக்கிறதே, அதுதான் அவனுடைய முதல் மூலதனம்.

"இது நேத்து மீனாடா?" என்று பண்ணைக்காரி ஒருத்தி மூக்கைச் சுளித்தாளாம்.

"நேத்து மீனா? நாளைக்குப் பிடிக்கப்போற மீனும்மா இது. உங்களுக்காக முன்கூட்டியே கொண்டுவந்துட்டேன்" என்றானாம். கூடை காலியான பிறகுதான் திரும்பினான்.

கூடை போய் சைக்கிள் வந்தது, சைக்கிள் போய் வேன் வந்தது. அப்புறம் ஓக் மரத்தூள் புகையில் மீனைப் பதம் செய்யும் புகைக்கூடம் கட்டினான். அதன் கதவுகளை நான் செய்தேன். கடைசியில் துறைமுகத்தை ஒட்டி டப்பா மீன் ஆலை வந்தது. ஊரில் பாதி வீட்டில் யாராவது ஒருவருக்கு அங்கே வேலை. மதியச் சங்கு ஊதினால் போதும், அடுப்பிலிருந்து உருளைக்கிழங்கை இறக்கிவிடுவார்கள். ஜீம்ஸ் கடலுக்குப் போனான், சொந்தப் படகு வாங்கினான், பிடித்த மீனையெல்லாம் அண்ணன் ஆலையில்தான் இறக்கினான். கடல் உன்னுடையது, கரை என்னுடையது என்று இருவரும் பாகம் பிரித்துக்கொண்டதாகக் கேலி பேசுவோம். சண்டை என்று ஒன்று அவர்களுக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

ஜெஸ்ஸி செத்தபோது அடக்கத்தை நான்தான் நடத்தினேன். பெட்டியைக் குழிக்குள் இறக்க எங்களிடம் எட்டுக் கயிறு. தலைமாட்டில் ஒன்றாவது, கால்மாட்டில் இரண்டாவது, மற்றவை இரண்டு பக்கமும். யாருக்கு எந்தக் கயிறு என்று செத்தவர் முன்பே சொல்லியிருப்பார், இல்லாவிட்டால் வீட்டார் சொல்வார்கள். குழிக்கரையில் நின்று நான் பெயர் கூப்பிடுவேன். கயிறு கிடைத்தவன் அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டான். கிடைக்காதவன் நிச்சயமாக மறக்கமாட்டான். அன்றைக்குத் தலைமாட்டில் ஆர்ச்சி, கால்மாட்டில் ஜீம்ஸ். மற்ற ஆறு பேரும் பிடித்திருந்தார்கள் என்ற நினைப்பே இல்லாமல், அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தபடியே அம்மாவை இறக்கினார்கள். திரும்பி நடக்கும்போது ஆர்ச்சி என்னிடம், "அப்பாவுக்குக் குடுக்க முடியாததையும் சேத்து இன்னிக்குக் குடுத்துட்டோம் சாண்டி" என்றான். அழுதுகொண்டுதான் சொன்னான்.

அறுபதுகளில் ஆலையைப் பெரிதாக்க வேண்டும் என்று தெற்கே இங்கிலாந்திலுள்ள ஒரு பெரிய கம்பெனியோடு அவன் கைகோர்த்தான். அவர்கள் அவனைத் தலைவர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாற்காலி உயரமானது, ஆனால் அதைத் தாங்கி நின்ற கால்கள் அவர்களுடையவை. அது எங்களுக்குப் பிறகுதான் புரிந்தது. லண்டனுக்குக் குடிபோனான். அரசாங்கக் குழுக்களில் ஒவ்வொன்றாக இடம்பிடித்தான். ஒருநாள் வானொலியில் சொன்னார்கள், ஆர்ச்சிபால்ட் ஃப்ளெட்டுக்குப் பிரபு பட்டம். பட்டத்தோடு ஓர் ஊர்ப் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமாம். 'போர்ட்கார்வியின் ஃப்ளெட் பிரபு' என்று எங்கள் ஊர்ப் பெயரை எடுத்துக்கொண்டான். ஊரே பூரித்துப்போனது. நானும்தான்.

ஊர் மண்டபத்தில் விருந்து வைத்தோம். ஆலையை மூடப்போவதாக அதற்கு முன்பே ஒரு பேச்சு காற்றில் அடிபட்டுக்கொண்டிருந்தது. ஆலையில் டப்பா அடைக்கும் டேவி ரீட் எழுந்து நேரடியாகவே கேட்டுவிட்டான். "பட்டம் எல்லாம் சந்தோசம் ஆர்ச்சி. ஆலை இருக்குமா இருக்காதா? அத சொல்லு."

ஆர்ச்சி பதில் சொல்வதற்குள் ஜீம்ஸ் எழுந்தான். ஜீம்ஸ் கூட்டத்தில் பேசி யாரும் பார்த்ததில்லை. முகமெல்லாம் சிவந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "டேவி, எங்க அண்ணன் உசுரோட இருக்கறவரைக்கும் ஆலை இந்த ஊரைவிட்டுப் போகாது. என் வார்த்தைய எடுத்துக்கோ."

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. நான் ஆர்ச்சிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேக்கைக் கரண்டியால் நொறுக்கினான். வாயில் வைக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'ஜீம்ஸ், உக்காரு, என்னால உறுதி சொல்ல முடியாது' என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு விருந்து கெட்டிருக்கும், அவ்வளவுதான். பண்ணைக்காரியை மடக்கிய அந்த வாய், தம்பிக்காகத் திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் அவன் மேல் கோபம் வருகிறது.

புத்தாண்டு முடிந்ததும் ஆலையை மூடினார்கள். கம்பெனிக் கூட்டத்தில் ஆர்ச்சி எதிர்த்தான் என்றும், தனி ஆளாகத் தோற்றான் என்றும் பின்னால் கேள்விப்பட்டோம். அதனால் யார் அடுப்பு எரிந்தது? டேவி ரீட் பெண்டாட்டி பிள்ளைகளோடு தெற்கே இங்கிலாந்திலுள்ள கார்பி ஊர் இரும்பாலைக்குப் பஸ் ஏறினான். அவன் பெட்டியை ஜீம்ஸ்தான் பஸ் மேலே ஏற்றிவிட்டான். ஒருவன் பின்னால் ஒருவனாக நிறையப் பேர் போனார்கள். மதியச் சங்கு நின்ற பிறகு எந்த நேரத்துக்கு உருளைக்கிழங்கை இறக்குவது என்றுகூட ஊருக்குத் தெரியாமல் போயிற்று.

துறைமுகத்தில் ஒருநாள் ஜீம்ஸ் வலையை உலர்த்திக்கொண்டிருந்தான். வேலை போனவர்கள் சிலர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். அவர்களில் ஒருவன் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டான். "என்ன ஜீம்ஸ், உங்க அண்ணன் உசுரோடதான் இருக்காரா?"

ஜீம்ஸ் வலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான். "இல்ல. செத்துட்டார்."

அன்றோடு முடிந்தது. ஆர்ச்சி ஊருக்கு வந்தால் ஜீம்ஸ் தெருவின் மறுபக்கம் போவான். வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினால், ஜீம்ஸின் மனைவி எல்ஸ்பெத் வாசலுக்கு வந்து, "அவர் கடலுக்குப் போயிருக்கார், ஆர்ச்சி" என்பாள். ஜீம்ஸின் ஈர பூட்ஸ் அவள் காலடியிலேயே கிடக்கும். ஆர்ச்சி பூட்ஸைப் பார்ப்பான், "சரி, வந்தா சொல்லு" என்று திரும்பிவிடுவான். ஜீம்ஸின் படகில் கூட்டாளியாக இருந்த மேக்னஸ் மெய்ர், ஆர்ச்சியின் காரைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றி இடுப்புவரை குனிவான். "பிரபுவுக்கு வணக்கமுங்க! எங்க ஊர்ப் பேரு உங்களுக்குச் சௌகரியமா இருக்குங்களா?" என்பான். ஆண்களெல்லாம் 'நீ' என்று பேசிக்கொள்கிற ஊரில் மரியாதைதான் பெரிய அடி. ஆர்ச்சி அதற்கும் தலையாட்டிவிட்டுப் போவான்.

சில வருடங்களில் ஜீம்ஸுக்கு நெஞ்சு கெட்டுப்போனது. படுக்கையிலிருந்து எழ முடியாது என்று ஆனதும் என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். எதற்கு என்று எனக்குத் தெரியும். எங்கள் ஆட்கள் இதில் ஒளிவுமறைவு வைப்பதில்லை. கயிற்றைப் பேசி முடித்துவிட்டால் பாதி பாரம் குறையும் என்பார்கள்.

"சாண்டி, ஒன்னாவது கயிறு மேக்னஸுக்கு" என்றான்.

அவனுக்கு மகன் கிடையாது. மகன் இல்லாதவனுக்குத் தலைமாடு அண்ணனுடையது. அதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தும் கேட்டேன். "ஒன்னாவது உங்க அண்ணனோடது இல்லையாடா?"

"எனக்கு அண்ணன் இல்ல. துறைமுகத்துல சொன்னேனே, ஊர்ல எல்லாருக்கும் கேட்டுச்சே. உனக்குக் கேக்கலையா?"

"ஜீம்ஸ், உன்ன முதுகுல தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் வந்தவன்டா அவன்."

"அதனாலதான்டா!" என்று கத்தினான். இருமல் பிடித்துக்கொண்டது. எல்ஸ்பெத் ஓடிவந்து தலையைத் தாங்கினாள். இருமல் அடங்கியதும் மெதுவாகச் சொன்னான். "வேற எவன் சும்மா இருந்திருந்தாலும் எனக்கு வலிச்சிருக்காது சாண்டி. அவன நம்பித்தான எழுந்து நின்னேன்."

மற்ற பெயர்களையும் வரிசையாகச் சொன்னான். எட்டாவது டேவி ரீடுக்கு என்றான்.

"டேவி கார்பியில இருக்கான். அவ்வளவு தூரம் எப்படி வருவான்?"

"வரமாட்டான்னு எனக்கும் தெரியும். நீ கூப்பிடு."

ஜீம்ஸ் மார்ச் மாதம் செத்தான். அடக்கத்துக்கு முந்தைய நாள் மதியம் பெட்டிக்குக் கைப்பிடி பொருத்திக்கொண்டிருந்தேன். பட்டறை வாசலில் கார் நின்றது. ஆர்ச்சி தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். நல்ல கறுப்புக் கோட்டு, கசங்கிய முகம். பெட்டியைப் பார்த்தான். பக்கத்தில் போகவில்லை. மரம் அறுக்கும் கட்டையில் உட்கார்ந்தான்.

"டீ போடவா?" என்றேன்.

"வேணாம். சாண்டி, எனக்கு எத்தனாவது?"

நான் திருப்புளியைக் கீழே வைத்தேன். பொய் சொல்ல வரவில்லை. "உனக்கு இல்ல, ஆர்ச்சி."

தரையிலிருந்த மரச்சுருளைக் காலால் தள்ளினான். "ஒன்னாவது கேக்கல. கால்மாடும் கேக்கல. எட்டாவது இருந்தாலும் போதும். பக்கத்துல எங்கயாவது ஒரு ஓரம்."

"செத்தவன் சொல்லிட்டுப் போயிருக்கான். என் கையில எதுவும் இல்ல. எல்ஸ்பெத்தக் கேளு."

"கேட்டுட்டுத்தான் வரேன். 'உள்ள வாங்க, டீ குடிங்க, சூப்பு சாப்பிடுங்க, என்ன வேணா கேளுங்க, அத மட்டும் கேக்காதீங்க'ன்னா. அழுதா பாவம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அன்னிக்கு மண்டபத்துல அவன் எழுந்தப்பவே எனக்குத் தெரியும் சாண்டி. ஆலை நிக்காதுன்னு தெரியும். ஆனா அவன் என்னப் பாத்துச் சிரிச்சான் பாரு. அந்தச் சிரிப்பக் கெடுக்க மனசு வரல. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். மறுநாளும் சொல்லல. என் வாய் மத்தவங்களுக்குத்தான் வேல செஞ்சுது."

இத்தனை வருடக் கோபத்தையும் மீறி அவன் தோளில் கை வைத்தேன். பிரபுக்கள் சபையில் உட்காருகிறவனின் தோள்தான். கோட்டுக்குள் வெறும் எலும்பாக இருந்தது.

மறுநாள் பனியும் மழையும் கலந்து அடித்தது. எங்கள் வழக்கப்படி பெண்கள் வீட்டிலேயே இருந்தார்கள். ஆண்கள் முறை மாற்றி மாற்றிப் பெட்டியைத் தோளில் சுமந்து மேட்டிலிருந்த கல்லறைக்குக் கொண்டுவந்தோம். ஆர்ச்சியைச் சுமக்க யாரும் கூப்பிடவில்லை. அவன் பின்னால் தனியாக நடந்து வந்தான். பாதிரியார் ஜெபம் முடித்தார். நான் குழிக்கரையில் நின்று கூப்பிட்டேன்.

"ஒன்னாவது கயிறு..."

ஆர்ச்சி கையுறையைக் கழற்றிவிட்டான். தெரிந்தும் கழற்றினான். முந்தைய நாள் என் வாயாலேயே கேட்டிருந்தும், அண்ணன் என்கிற பழக்கத்தில் ஒரு காலையும் முன்னே வைத்துவிட்டான். மொத்த ஊரும் பார்த்தது.

"மேக்னஸ் மெய்ர்."

மேக்னஸ் அவனைக் கடந்து போய்த் தலைமாட்டில் நின்றான். ஆர்ச்சி வைத்த காலைப் பின்னுக்கு எடுத்தான். கையுறையைத் திரும்பப் போடத் தோன்றவில்லை போலிருக்கிறது. நான் பெயர்களைத் தொடர்ந்தேன். ஒவ்வொருவராக வந்து கயிற்றை எடுத்தார்கள்.

"எட்டாவது கயிறு, டேவி ரீட்."

யாரும் வரவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். கடலைப் பார்த்தபடி மூன்றாவது முறையும் கூப்பிட்டேன். நின்றிருந்தவர்களில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். டேவியை மட்டுமா நான் கூப்பிட்டேன்? பஸ் ஏறிப் போன அத்தனை பேரையும் அந்த ஒரு பெயரில் ஜீம்ஸ் கூப்பிட வைத்துவிட்டான்.

பெயருக்கு உரியவன் வராவிட்டால் அந்தக் கயிறு என் பொறுப்பு. நானே பிடிக்கலாம், நான் நினைப்பவனுக்கும் கொடுக்கலாம். யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். கயிற்றின் நுனியை எடுத்து ஆர்ச்சி பக்கம் நீட்டினேன்.

"சாண்டி!" என்று மேக்னஸ் பல்லைக் கடித்தான்.

ஆர்ச்சி வந்தான். கயிறு அவன் உள்ளங்கையில் பட்டது. முந்தைய நாள் கேட்ட அதே எட்டாவது, அதே ஓரம். மூடப்போன கையை அப்படியே நிறுத்தினான்.

"இது டேவியோடதா?"

"ஆமா."

"அவன் வேலைய எடுத்தது போதும் சாண்டி. அவன் கயிறும் எனக்கு வேணாம்" என்றான். என் கையிலேயே அதைத் திரும்ப வைத்துவிட்டுப் பின்வாங்கினான்.

எட்டாவதை நான் பிடித்தேன். ஜீம்ஸை இறக்கினோம். கயிறுகளைப் பெட்டிமேல் போட்டோம். மண் விழுகிற சத்தம் கேட்கும்வரை ஆர்ச்சி வெறுங்கையைக் கோட்டுமேல் வைத்தபடி நின்றான். பிறகு எல்ஸ்பெத் வீட்டுக்கு எல்லாரும் போனோம், சூப்பும் ஓட்ஸ் ரொட்டியும் ஒரு வாய் விஸ்கியும் கொடுத்தாள். ஆர்ச்சி ஜன்னலோரம் நின்று டீ குடித்தான். ஒருவரும் அவன் பக்கம் போகவில்லை, நானும் போகவில்லை. கதவருகில் எல்ஸ்பெத் மட்டும் அவன் கன்னத்தில் முத்தமிட்டு, "அடிக்கடி வாங்க" என்றாள். அவன் அப்புறம் வரவே இல்லை.

இரண்டு குளிர்காலம் போயிற்று. ஒரு காலை அவன் மகள் மொய்ரா லண்டனிலிருந்து போன் செய்தாள். அப்பா போய்விட்டார், எல்லாம் முடிந்துவிட்டது என்றாள்.

"முடிஞ்சுதா? எங்கம்மா? எப்போ கொண்டுவரீங்க?"

"இல்ல மாமா. தகனம் பண்ணச் சொல்லிட்டார். நேத்து இங்கயே ஆச்சு. ஊருக்குத் தொந்தரவு குடுக்க வேணாம், அங்க எட்டுப் பேரக் கூப்பிட எனக்கு உரிமை இல்லன்னார். உங்ககிட்ட மட்டும் சொல்லச் சொன்னார்."

எங்கள் ஊரில் அதுவரை யாரையும் எரித்ததில்லை. நெருப்புக்கு அனுப்பினால் கயிறு ஏது? போனை வைத்துவிட்டுப் பட்டறையில் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். மதியச் செய்தியில் வானொலியும் சொன்னது. பிரபு காலமானார் என்று சொன்னார்கள். எரித்தாயிற்று என்று சொல்லவில்லை.

சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு மேக்னஸ் வந்தான். அடக்கத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டு, கஞ்சி போட்ட காலர், பாலிஷ் போட்ட பூட்ஸ். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான். குனிந்து கேலி செய்யக் கழற்றியதல்ல.

"ரேடியோல கேட்டேன்" என்றான். "நானும் படகுப் பசங்களும் பேசிட்டோம். அவனுக்கு இங்க வேற யாரு இருக்கா? எட்டுப் பேரு நாங்க இருக்கோம். அன்னிக்கு நடந்தத விடு. ஆர்ச்சி எப்போ வரான்? எனக்கு எத்தனாவது கயிறு, சாண்டி?"

அவனை லண்டனிலேயே எரித்துவிட்டார்கள் என்று சொன்னேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை. இரண்டாவது முறை சொன்னதும், ஆர்ச்சி உட்கார்ந்த அதே கட்டையில் பொத்தென்று உட்கார்ந்தான். அந்த முரட்டு மனிதன் தொப்பியால் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா வந்திருப்போமே. எங்கள அவன் என்னன்னு நினைச்சான்?"

ஆர்ச்சியைக் கேட்க விடாமல் செய்ததில் எனக்கும் பங்கு உண்டு, மேக்னஸுக்கும் உண்டு, மண்ணுக்குள் கிடக்கிற ஜீம்ஸுக்கும் உண்டு. கெட்டிலை அடுப்பில் வைத்தேன். மேக்னஸ் கோட்டைக் கழற்றாமல் இருட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான்.